ஈரப்பதம்

உப்பில்லாமல் கோழிக்கறி வேகவைக்கவும் ஒரு பக்குவம் வேண்டும், மேடம். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கறியைப் போட்டு, அடுப்பைக் குறைத்து, பதினான்கு நிமிடம் மூடிவைத்து இறக்கினால் நார் நாராகப் போகாது. இறக்கும்போது மிளகும் ஒரு துண்டு எலுமிச்சையும் போதும். ஒன்பது வருடமாக அப்படித்தான் செய்துவந்தேன். கறி வறண்டிருக்கிறது என்று என் கணவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, அது அவர் சுபாவம்.

ஸ்டேஷனுக்கு வரவழைத்து, நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தீர்கள், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டீர்கள், நன்றி. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஆணழகன் போட்டியன்று மத்தியானம் இரண்டு பத்துக்குப் போட்டி அமைப்பாளர் தனபால் என் செல்லுக்கு அழைத்து நாற்பது விநாடி பேசியிருக்கிறார், என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் நான் வேலை பார்க்கும் மில்லில் ஒரு பஞ்சுப் பொதி தேறவில்லை என்றால், தேறவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட முடியாது. எந்த லாரியில் வந்தது, பொதியின் எந்தப் பக்கம் மாதிரி எடுத்தோம், அன்றைக்கு வெயிலா மழையா எல்லாம் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரவீனா, வயது முப்பத்திரண்டு. மதுக்கரையில் குடியிருக்கிறோம். நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பஞ்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, நூல் எவ்வளவு இழுப்பு தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கணவர் கிருபாசங்கருக்கு முப்பத்தாறு. மாமனார் சோமனூரில் தறி ஓட்டினார். அவர் காலமான பிறகு இவர் தறிகளை விற்றுவிட்டு மதுக்கரையில் ஜிம் வைத்தார். ஆணழகன் போட்டிகளில் மாவட்டப் பட்டம் மூன்று முறை வாங்கினார், ஒரு முறை மாநிலத்தில் இரண்டாம் இடம். திருவிழா மேடை, சத்துமாவுக் கடைத் திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் உடம்பைக் காட்டிவிட்டு வருவார். உடம்புதான் அவருக்குத் தொழில், அதை வளர்ப்பதும் உருக்குவதும் தவிர வேறு நினைப்பு கிடையாது.

வெளியே பார்க்கிறவர்களுக்கு அது பெரிய அதிசயம். போன வருடம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். விற்பனைப் பையன்கள் வளையல் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவரோடு படம் எடுத்துக்கொள்ள வந்துவிட்டார்கள். நான் எல்லாருடைய செல்லையும் வாங்கி வாங்கி எடுத்துக்கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. நகைக்கடையிலிருந்து நேரே எதிர்ப்பக்கத்து மாடியில் இருந்த டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. பதினெட்டுப் படிதான், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். யாராவது பார்க்கிறார்களா என்று என்னைப் பார்த்துவரச் சொன்னார்.

டாக்டர் நல்ல மனுஷர். இதயத்தை ஸ்கேன் பார்த்துவிட்டு, சுவர் தடித்துவிட்டது, தசை ஏற்றப் போடுகிற ஊசியையும் மாத்திரையையும் இன்றைக்கே நிறுத்த வேண்டும், இப்படியே போனால் நாற்பதைத் தாண்டுவது கஷ்டம் என்றார். சிறுநீரகத்தைப் பற்றியும் சொன்னார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாயங்காலம் ஜிம்மில், "ஹார்ட்டும் ஒரு மசில்தானுங்களே, அதுக்கும் சைஸ் வந்துருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டிபன் கேரியரோடு வாசலில் நின்றிருந்த நானும் சிரித்தேன்.

வீட்டில் இருக்கிற உடம்பு வேறு. நான்கு பேர் தூக்குகிற எடையைத் தூக்குகிறவருக்குக் குனிந்து கால் நகம் வெட்ட முடியாது, நான்தான் வெட்டுவேன். முதுகுக்குக் கை எட்டாது, சோப்பு போடுவதும் நான்தான். இடுப்பில் ஊசி போட்ட இடம் சீழ் பிடித்து இரண்டு மாதம் ஆறவில்லை, தினமும் கட்டு மாற்றினேன். ஆண்பிள்ளைக்கு வரக்கூடாத மாதிரி மார்பில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். தழும்பை மறைக்க, மேடையேறும்போது உடம்பெல்லாம் பூசுகிற கரும்பழுப்புச் சாயத்தை அங்கே மட்டும் இரண்டு முறை பூச வேண்டும். அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். தலையணை உறையில் பட்டால் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை போகாது. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் நான்கு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். தூக்கத்தில் திடீரென்று மூச்சு நிற்கும். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். இருபதுக்குள் திரும்ப வந்துவிடும்.

அவர் என்னை அடித்ததில்லை. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தையும் பேசியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சோதனைக்கூடப் பொறுப்பாளர் பதவி வந்தது, ஷிப்ட் மாறி மாறிப் போக வேண்டும். நாளுக்கு ஐந்தாறு வேளை சாப்பிடுகிறவர், "அப்ப நாலாவது சாப்பாடு ஆரு குடுப்பா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பதவி வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டேன். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

போட்டிக்கு முந்தைய வாரம்தான் முக்கியம். முதலில் உப்பை நிறுத்துவார்கள், பிறகு தண்ணீரைக் குறைப்பார்கள், கடைசியில் நீர் பிரிகிற மாத்திரை. தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற ஈரம் போனால் தோல் வெங்காயத் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு நரம்பும் தெரியும். இதை 'டிரை' என்பார்கள். இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில்தான் தண்ணீரை அளந்து கொடுப்பேன். எனக்கு இது புதிதில்லை. பஞ்சில் ஈரம் எட்டு சதவீதத்துக்கு மேல் போனால், எடை ஏற்றுவதற்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடுவோம். ரொம்பக் குறைந்தாலும் ஆகாது, நூல் பட் பட்டென்று அறுந்துவிடும், அதற்காகவே நூற்கிற இடத்தில் ஈரக் காற்று விடுகிறோம். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஈரோட்டில் நடந்த போட்டியில் நான் ஒரு தப்புச் செய்தேன். அன்று காலை அவர் தாகத்தில் சுவரைப் பார்த்து அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அரை டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மேடையில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. வயிற்றுப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று நடுவர் ஒருவர் சொன்னாராம். அடுத்த நாள் ஜிம்மில், தன் அம்மாவையும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் என் கணவர் சொன்னார்: "என்னைத் தோக்கடிச்சது அந்த ரெண்டு பேருமில்லீங்க. இவ குடுத்த அரை டம்ளர் தண்ணி. என்ற ஒரு வருசத்த ஊத்தி உட்டுபோட்டா." ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என்ன சமைக்க வேண்டும் என்பதைக்கூட ஜிம்மில் பழகும் சஹீருக்குச் சொல்லி, சஹீர் எனக்கு ஃபோனில் சொல்வார். சஹீர் உக்கடத்தில் மீன் வியாபாரம் செய்கிறவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கே சங்கடம். எனக்கு வெட்கத்தில் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. அவர் தோற்றது என்னால்தான் என்று நானும் நம்பினேன்.

அதனால்தான் இந்த வருடம் சத்தியம். பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் மாகாளியம்மன் கோயிலில். மாமியார் மயிலாத்தாள் தட்டைப் பிடித்துக்கொண்டார், என் கணவர் கற்பூரத்தை ஏற்றினார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். "நானே கேட்டாலுந் தண்ணி குடுக்கமாட்டேன்னு சொல்லு. அழுதாலும் மிரட்டுனாலும் குடுக்கமாட்டேன்னு சொல்லு. சத்தியத்த உட்டுபோட்டேன்னு நானே வாயால சொன்னாலுந்தான்." ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தேன். கொப்புளம் வந்து ஆறி, தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். எங்கள் பக்கம் கற்பூரம் அணைத்துவிட்டு வார்த்தை தவறியவர்கள் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

போட்டி சித்திரையில், ஞாயிற்றுக்கிழமை, சோமனூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். காலை பத்து மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸில் இருந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து அவருக்கு மொத்தமே ஆறு மூடி தண்ணீர்தான் கொடுத்திருந்தேன். ஞாயிறு விடிந்த பிறகு அதுவும் இல்லை, நீர் மாத்திரை ஒன்று மட்டும். எட்டரைக்கே மண்டபத்துக்குப் போய்விட்டோம். எண்பது கிலோவுக்கு மேற்பட்டவர்கள் ஐந்து பேர். நால்வர் சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். இவருக்குக் கூட்டம் ஆகாது, அதனால் தனபால் மணமகள் அறையைத் திறந்துவிட்டார். பெரிய கண்ணாடி, சுற்றிலும் விளக்கு, ஓரத்தில் பழைய மணப்பெண்கள் ஒட்டிவைத்துப்போன ஸ்டிக்கர் பொட்டுகள். சாயம் ஒட்டாமல் இருக்கத் தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, தலைப்பக்கத்தை உயர்த்தி அவரைப் படுக்கவைத்தேன். கரும்பழுப்பில் அவ்வளவு அழகாக இருந்தார், மேடம். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பத்து மணிக்கு ஆரம்பிக்கவில்லை. சிறப்பு விருந்தினர் பல்லடத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருப்பதாக மைக்கில் சொன்னார்கள். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. எடை குறைந்த பிரிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக நடத்தினார்கள். விருந்தினர் கையால் கோப்பை வாங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய பிரிவைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். வெளியே வெயில் கொளுத்தியது, அறையில் ஒரு மேஜை விசிறிதான்.

ஒரு மணிக்கு அவருக்குக் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. நீவிவிட்டேன். பிறகு கால்விரல்கள் மடங்கிக்கொண்டன, அப்புறம் கைவிரல்கள். நாக்கு வெளுத்துவிட்டது, எச்சில் இல்லாததால் பேச்சு சரியாக வரவில்லை. கழுத்தில் நாடி துடிப்பது தனியாகத் தெரிந்தது, சமமாகத் துடிக்கவில்லை. "நெஞ்சுக்குள்ள என்னமோ தடுக்குது புள்ள" என்றார். போட்டிப் பதற்றம் என்றேன். என் மடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. மேடையிலிருந்து இறங்கியதும் கொடுப்பதற்காக வைத்திருந்தேன். மூன்று மணிவாக்கில் சஹீர் கதவைத் தட்டி அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பேசி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு என் கணவர் நிறையத் தடவை தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற அம்மா பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். அன்று சாயங்காலம் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. நான் போய்த் திறந்தேன். தரையில் கிடந்தவரைப் பார்த்து அந்த அம்மா பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். சஹீரும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் கை வியர்வையில் சாயம் வழுக்கியதால் பிடி கிடைக்காமல் சிரமப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

இழவு வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு, வந்த உறவுக்காரப் பெண்களிடமெல்லாம் சொன்னார்: "எம்பையனே கேட்டுங் குடுக்கலையே. அவன் கேட்டு வாங்குன சத்தியத்த இவ காப்பாத்திபோட்டா. இப்படியொரு புள்ள ஆருக்குக் கெடைக்கும்." பெண்கள் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஜிம் வாசலில் அவர் படம் போட்டு ஆளுயர ஃபிளக்ஸ் வைத்தார்கள், அதில் என் பெயரும் இருந்தது. ஒன்பது வருடத்தில் அவர் படத்துப் பக்கத்தில் என் பெயர் வந்தது அப்போதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பத்துக்குத் தனபால் சொன்னது இதுதான்: "அம்மணி, சீஃப் கெஸ்ட் இன்னைக்கு வரலையாமா. எம்பதுக்கு மேல இருக்கறத நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு வெச்சுபோட்டோம். கிருபாகிட்டச் சொல்லித் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. ரூம மட்டும் அஞ்சு மணிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க, பொண்ணு ஊட்டுக்காரங்க வந்துருவாங்க." சரிங்க, சொல்லிபோடறேன் என்று வைத்துவிட்டேன். தனபால் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

என் கணவரிடம் நான் சொல்லவில்லை. யார் ஃபோனில் என்று கேட்டார், மில்லிலிருந்து என்றேன். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் மற்ற நால்வரும் சோடா பாட்டில் உடைத்துக் குடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அங்கே என்ன சத்தம் என்றார். எழுபத்தைந்து கிலோவுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்றேன். சஹீர் வந்தபோது, "சொல்லிபோட்டேன் சஹீரு. நல்லாத் தண்ணி குடிச்சுபோட்டுத் தூங்கறாரு, எழுப்பாத" என்றேன். அவர் என்னை நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். பிறகு இன்னொரு நீர் மாத்திரையை எடுத்து, கால் இழுப்புக்கு நல்லது என்று சொல்லி அவர் வாயில் போட்டேன். தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமல் ரொம்ப நேரம் மென்றார்.

இதை நான் யோசிக்காமல் செய்யவில்லை. போட்டி ரத்தாகவில்லை, பதினெட்டு மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மற்ற நால்வரும் வயிறு முட்டக் குடித்துவிட்டார்கள். இவர் ஒருவர் மட்டும் நாளைக் காலை வரை அப்படியே இருந்தால், அந்த மேடையில் இவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. இன்றைக்குக் குடித்தால் நாளைக்கு மறுபடியும் வயிற்றில் தண்ணீர் நிற்கும், மறுபடியும் ஜிம்மில் நான் கொடுத்த தண்ணீர் என்பார். தவிர, சத்தியத்தில் நாள் கிழமை எதுவும் சொல்லவில்லை, மேடையிலிருந்து இறங்குகிற வரைக்கும் என்றுதான் பொருள். சோதனைக்கூடத்தில் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவுக்கு வருவோம். அவருடைய நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று நேற்று இரவு வரை நானே நம்பிக்கொண்டிருந்தேன். மாமியாரிடமும் அம்மனிடமும் அதையேதான் சொன்னேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் அளவு தப்பாக எழுத எனக்குக் கை வராது.

முதலில் அவர் எப்போதும்போலத்தான் சொன்னார், தண்ணி குடு புள்ள என்று. ஒன்பது வருடமாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, சொல்வார். செல்லைப் பார்த்துக்கொண்டே சொல்வார், கண்ணாடியில் தன் தோளைப் பார்த்துக்கொண்டே சொல்வார். நான் அசையவில்லை என்றதும் மிரட்டினார், குரல் எழும்பவில்லை. பிறகு, "சத்தியத்த நானே உட்டுபோட்டேன், குடு" என்றார். அப்படிச் சொன்னாலும் கொடுக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லச் சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன்.  அப்புறம் முழங்கையை ஊன்றி என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்தார். மடங்கிப்போன விரல்களோடு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "கொஞ்சூண்டு குடு அம்மணி. உங்கால்ல வேணாலும் உழுகறேன்" என்றார்.

கல்யாணமான முதல் வாரத்தில் என்னை அம்மணி என்று கூப்பிட்டது, அதன் பிறகு அன்றைக்குத்தான். மாவட்டமே திரும்பிப் பார்த்த உடம்பு அது, பிளாஸ்டிக் தாளில் கிடந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, சந்தோஷமாக இருந்தது. உள்ளங்காலிலிருந்து ஏறிவந்த சந்தோஷம், நான் அதுவரைக்கும் அறியாதது. நாளைய போட்டியும் சத்தியமும் கோப்பையும் அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை.

பாட்டில் மூடியைத் திருகினேன். புது பாட்டில், அதனால் அந்தப் பிளாஸ்டிக் வளையம் பிரிகிற சத்தம் கேட்டது. அவர் கண் விரிந்தது. உதட்டைத் திறந்தார். நான் மறுபடியும் மூடிவிட்டேன். அவர் மறுபடியும் கும்பிட்டார், இந்த முறை தலையையும் தரையில் வைத்து. இன்னும் சித்த நேரம் என்று சொல்லி உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் திருகினேன், மறுபடியும் மூடினேன், அவரும் கும்பிட்டார். மணி நாலரை ஆகியிருந்தது.

அடுத்த முறை திருகியபோது அவர் கை எழவில்லை. கண் திறந்து என்னையே பார்த்தபடி இருந்தது, மூச்சு நின்றிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இருபது தாண்டியது, முப்பதும் தாண்டியது. வெளியே பத்தடி தூரத்தில் சஹீர் இருந்தார், தாழ்ப்பாள் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை கேட்பாரா என்று பார்ப்பதற்காக, பாட்டிலை அவர் காதுப் பக்கம் கொண்டுபோய்க் குலுக்கினேன்.